மூன்றாவது வரியில் உங்கள் பெயர்

மூன்றாம் தேதி, ஞாயிறு காலை

அன்புள்ள கப்பல்காரருக்கு,

வணக்கம். நானும் வாண்டும் அக்காவும் நலம். நீங்கள் நலமென்று நீங்களே எழுதிவிட்டதால் அதை விசாரித்து இடத்தை வீணாக்கவில்லை. இந்த மெயிலை அச்சடித்து உங்கள் கையில் கொடுக்கப்போகும் ரேடியோ ஆபீசருக்கும் வணக்கம். அவர் படிக்காமல் மடித்துத் தருவார் என்று நான் நம்பவில்லை. படிக்கட்டும், ஒருவராவது முழுசாகப் படித்தால் சரி.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மொத்தம் நாலு வரி. இன்னும் பத்து மாதத்துக்குக் கம்பெனி ஆள் கேட்கிறது, இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், அதனால் இந்த லீவுக்கு வரவில்லை, வந்து குழந்தையை ஏன் அழவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பலில் விளக்கு எரியவில்லை என்றால் பத்துப் பக்கம் அறிக்கை எழுதுகிற மனிதர், வீட்டுக்கு வராததற்கு நாலு வரி எழுதுகிறீர்கள். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று இங்கே எழுதினால் ரேடியோ ஆபீசர் பயந்துவிடுவார்.

குழந்தைகள் காப்பக வாசலில் அன்றைக்கு நடந்ததை நீங்கள் இன்னும் விழுங்கவில்லை என்று எனக்குத் தெரியும். போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே 'ம்' என்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு 'ம்' போட முடியாது.

போன லீவுக்கு வந்த அன்றே, சாயங்காலம் நாலு மணிக்கு, வாண்டைக் கூட்டிவர ஆசை ஆசையாகப் போனீர்கள். வாசல் அம்மா நோட்டை நீட்டினார். 'குழந்தையைப் பெற்றுக்கொண்டவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டீர்கள். அதற்குள் அவர், குழந்தையைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு நோட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். பட்டியலில் இருந்தது இரண்டே பெயர். முதல் வரியில் நான், இரண்டாவது வரியில் அக்கா. பாவம், அந்த அம்மாவும் கல்நெஞ்சக்காரி இல்லை. குழந்தையையே கேட்டுப் பார்ப்போம் என்று வாண்டைத் தூக்கிவந்து இது யாரென்று கேட்டார். அவள் உங்களைப் பார்த்து "மாமா" என்று சொல்லிவிட்டு வீறிட்டு அழுதாள். நான் ஓடிவரும்வரை அரைமணி நேரம் வெளியே நின்றீர்கள், திறந்த பேனாவோடு.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "என் பேரை நீ குடுக்கவே இல்லையா?" குடுத்தேன் என்றேன். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை இந்த ஐந்து மாதமாக நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தீர்கள். பரவாயில்லை, நானும் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் நான் கொடுத்தேன். நீங்கள் வருவதற்கு முதல் நாள் காலை, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி, என் போனில், காப்பகத்துக்காக எங்கள் ஆபீசில் நானே எழுதிய அந்த இணையப் பக்கத்தில்.

வேடிக்கையைக் கேளுங்கள். அந்தக் காப்பகப் பக்கத்தைப் பற்றி ஆபீசுக்குப் பதினைந்தாவது புகார் வந்திருக்கிறது. ஒரு பெரியவர் பேத்தியைக் கூட்டிவரப் போய், பட்டியலில் பெயர் இல்லையென்று வாசலிலேயே நின்றாராம். பட்டியலில் இருந்தால்தான் குழந்தை என்று காப்பகம் கறாராகிவிட்ட இந்த ஆறு மாதமாகத்தான் இப்படிப் புகார் வருகிறது. முந்தைய பதினாலுக்கும் நான் ஒரே பதிலைத்தான் அனுப்பியிருக்கிறேன்: தாங்கள் 'உறுதி செய்' பட்டனை அழுத்தவில்லை. இந்தத் தடவை மேனேஜர் விடவில்லை, புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல் என்கிறார். பார்க்கிறேன்.

வாண்டுக்குக் கடைவாய்ப் பல் எட்டிப்பார்க்கிறது. கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறாள், நேற்று என் ஆபீஸ் அட்டையைக் கடித்து வைத்திருக்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை. அக்காவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

இருபதாம் தேதிவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன். பதினேழு நாள் இருக்கிறது, அதற்குள் நான் ஒரு வழி பண்ணுகிறேன்.

கோபத்தோடும், அது போனபின் மிஞ்சுகிற எல்லாவற்றோடும்,
உங்கள் மனைவி


எட்டாம் தேதி, வெள்ளி மதிய இடைவேளை

அன்புள்ளவருக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். குழாய் நலமில்லை.

உட்கார்ந்து படியுங்கள். ரேடியோ ஆபீசரும் உட்காரலாம்.

உங்கள் பெயரை நான் கொடுத்தேன். கொடுத்ததற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. அதைத் தின்றது யார் என்றும் தெரிந்துவிட்டது. நான்தான்.

காப்பகப் பக்கத்தில் நிலையாக இரண்டு வரி இருக்கும், தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று என்ற கணக்கில். வேறு யாரையாவது சேர்க்க வேண்டுமென்றால் கீழே 'மேலும் ஒருவரைச் சேர்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் மூன்றாவது வரி ஒன்று புதிதாக முளைக்கும். பெயர், உறவு, போன் நம்பர், குழந்தை அவரை எப்படிக் கூப்பிடும் என்று கட்டங்கள், பக்கத்தில் 'உறுதி செய்' என்று அந்த வரிக்கே உரிய பட்டன். நீங்கள் கடலில் இருக்கிறீர்கள், தினமும் கூட்டிவருவது அக்கா, அதனால் தகப்பன் வரியை அவளுக்குக் கொடுத்தேன். யோசிக்காமல் செய்தேன். அதை வாசலில் நின்று படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். உங்களுக்காக மூன்றாவது வரியை முளைக்கவைத்து, எல்லாவற்றையும் நிரப்பி, உறுதி செய் என்று அழுத்தினேன். பக்கம் ஒரு சிமிட்டு சிமிட்டியது, வரி காணாமல் போனது. ஆஹா, சேமித்துவிட்டு இடத்தைச் சுத்தம் பண்ணிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வேறு யாராவது அப்படி நம்பியிருந்தால் கேலி பண்ணியிருப்பேன். சொந்தப் பக்கம் என்பதால் நம்பினேன்.

என்ன நடந்தது என்பதை உங்கள் பாஷையில் சொல்கிறேன், நீங்கள் ஸ்விட்சோடு குடும்பம் நடத்துகிறவர். ஒரு அறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் யாராவது ஒரு ஸ்விட்சை அழுத்தினால் விளக்கு உடனே எரியாது. அறையையே இடித்து, வரைபடத்தைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து கட்டுவார்கள். கட்டி முடித்துவிட்டுத்தான் அழுத்தப்பட்ட ஸ்விட்ச் எது என்று தேடி, அதற்குரிய விளக்கைப் போடுவார்கள். வரைபடத்தில் இருக்கும் ஸ்விட்ச் எல்லாம் தானாக மறுபடி சுவரில் வந்துவிடும். நீங்களாக நடுவில் திருகி மாட்டிய ஸ்விட்ச் வராது, அதை நீங்கள்தான் ஒவ்வொரு தடவையும் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் தேடுவார்கள், இருக்காது, சும்மா போய்விடுவார்கள். பியூஸ் போகாது, மணி அடிக்காது, தப்பு நடந்தது என்று ஒரு எழுத்துகூட வராது. எங்கள் சர்வரில் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் இப்படித்தான் செத்துப் பிறக்கிறது. நிலையான இரண்டு வரி வரைபடத்தில் இருக்கிறது. மூன்றாவது வரி நான் திருகி மாட்டியது.

இது எனக்குத் தெரியாததும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே படித்தது. ஆனால் இரண்டரை வருடத்துக்கும் முன்னால் அந்தப் பக்கத்தை எழுதும்போது, கூடுதல் வரிகளை மறுபடி மாட்டுகிற அந்த இடத்தில், 'முதல் தடவை என்றால் மட்டும்' என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். ஒரு தடவை மாட்டினால் போதாதா, எத்தனை தடவை மாட்டுவது என்ற சோம்பேறித்தனம். அப்போது வாண்டு வயிற்றில் எட்டு மாதம், கால் வீங்கிக் கிடந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை, சும்மா ஞாபகம் வந்தது.

பக்கத்துக்கு வருவதையெல்லாம் குறித்துவைக்கும் பழைய கோப்புகளைக் கிளறினேன். கிடைத்துவிட்டது. நீங்கள் வருவதற்கு முதல் நாள், காலை ஒன்பது பன்னிரண்டு, என் கணக்கிலிருந்து உங்கள் முழுப்பெயர், உறவு தந்தை, உங்கள் போன் நம்பர் எல்லாம் சர்வர்வரைக்கும் வந்திருக்கிறது. அழுத்திய பட்டனின் பெயர்கூட வந்திருக்கிறது. உள்ளே எடுத்து வைக்கத்தான் ஆள் இல்லை. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் ஆபீஸ் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் அந்தப் பதினைந்து பேர் ஞாபகம் வந்தார்கள். எல்லோரும் அழுத்தியிருக்கிறார்கள். அவர்களில் பதினாலு பேரிடம் நீங்கள் அழுத்தவில்லை என்று எழுத்தில் சொல்லியிருக்கிறேன். நீங்கள் என்னைக் கேட்டதற்கு எனக்கு எவ்வளவு ரோஷம் வந்தது! அதையே நான் பதினாலு குடும்பத்திடம் ஆபீஸ் முத்திரையோடு கேட்டிருக்கிறேன்.

மேனேஜரிடம் போய், தப்பு அவர்கள் மேல் இல்லை, என் மேல் என்று சொன்னேன்.  அவரோ, நிலையான வரியை ஆறாக ஆக்கிவிட்டு வேலையை முடி, யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். முடியாது என்றேன். ஏழாவது ஆள் ஒருவர் வருவார், அவரும் வாசலில் நிற்பார். சரியாகவே செய்கிறேன், ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். அடுத்த வெள்ளிவரை கொடுத்திருக்கிறார். அதற்குள் முடியாவிட்டால் ஆறு வரியும் வேறு ஆளும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் நிஜம்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என்னை நம்பாததற்கு நீங்களும் கேட்க வேண்டும், ஆனால் அதை நேரில் வந்துதான் கேட்க வேண்டும், கடிதத்தில் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

ஒன்பது பன்னிரண்டுக்குப் பெயர் கொடுத்தவள்,
உங்கள் மனைவி


பத்தாம் தேதி, ஞாயிறு

அன்புள்ளவருக்கு,

வணக்கம். உங்கள் பதில் நேற்று வந்தது. மூன்று வரி. முன்னைக்கு ஒரு வரி குறைந்திருந்தாலும், இது எனக்கு எவ்வளவோ தேவலை. பெயர் விஷயத்தில் தப்பாக நினைத்துவிட்டேன் என்கிறீர்கள். சரி. ஆனால் பட்டியலில் பெயர் இருந்திருந்தாலும் குழந்தை மாமா என்றுதானே சொல்லியிருக்கும், அதற்கு எந்தப் புரோகிராமைத் திருத்துவாய் என்றும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நேற்றிலிருந்து அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

முதலில் ஆபீஸ் கதை. அந்த 'முதல் தடவை மட்டும்' என்பதைத் தூக்கி எறிந்தேன். எத்தனை வரி சேர்த்தார்கள் என்பதை ஒரு ஓரத்தில் குறித்துவைத்து, பக்கம் ஒவ்வொரு தடவை பிறக்கும்போதும் அத்தனை வரியையும் முதல் வேலையாக மறுபடி மாட்டவைத்தேன். வரி இப்போது காணாமல் போவதில்லை, கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. துள்ளிக் குதித்துக்கொண்டு 'உறுதி செய்' என்று அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வரி இருக்கிறது, பட்டன் இருக்கிறது, அழுத்தினால் கிணற்றில் போட்ட கல். சனிக்கிழமை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அக்கா வாண்டைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டாள், என் முகத்தைப் பார்த்தால் பால் திரிந்துவிடும் என்றாள்.

காரணம் என்ன தெரியுமா? பெயர். ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ளுக்குள் ஒரு பெயர் வைப்போம். இரண்டு பட்டனுக்கு ஒரே பெயர் வந்துவிடக் கூடாதே என்று, அதிபுத்திசாலியாக, மாட்டுகிற நேரத்தையே பெயராக வைத்திருக்கிறேன். பத்து நாற்பத்திரண்டுக்கு மாட்டினால் அதற்கு அந்த நேரம் பெயர். யாரோ அழுத்துகிறார், பக்கம் மறுபடி பிறக்கிறது, அதே பட்டனை மறுபடி மாட்டுகிறேன். இப்போது மணி பத்து நாற்பத்து மூன்று. பார்வைக்கு அதே பட்டன், அதே இடம், அதே எழுத்து, ஆனால் பெயர் புதுசு. பத்து நாற்பத்திரண்டை அழுத்தினார்களே, அது யார் என்று சர்வர் கூப்பிட்டுப் பார்க்கிறது. அந்தப் பெயரில் அங்கே யாருமே இல்லை. ஒவ்வொரு தடவையும் மாட்டினால் மட்டும் போதாது, ஒவ்வொரு தடவையும் அதே பெயரில் மாட்ட வேண்டும்.

இதைக் கண்டுபிடித்த நிமிஷத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன், நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். கோபிக்காமல் கேளுங்கள். போனில் அவளிடம் உங்களை நீங்கள் என்னவென்று சொல்லிக்கொள்கிறீர்கள்? ஒரு நாள் அப்பா, ஒரு நாள் டாடி. கப்பலில் யாரோ சொல்லிக் கொடுத்தார் என்று ஒரு வாரம் பப்பா. லீவுக்கு வந்த அன்று வாசலில் நின்று "உன் ஃபிரெண்டு வந்திருக்கேன் பாரு" என்றீர்களாம், வாசல் அம்மா சொன்னார். அவளையும் ஒரு நாள் பட்டு, ஒரு நாள் ராஜாத்தி, ஒரு நாள் எலிக்குட்டி. எல்லாம் பிரியத்தில்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் இரண்டரை வயதுக்கு ஒவ்வொரு தடவையும் புது ஆள் வருகிறார், புதுக் குழந்தையைக் கூப்பிடுகிறார். அக்கா ஒரு நாள் தவறாமல் பெரியம்மா. பால்காரர் ஒரு நாள் தவறாமல் பால் மாமா. அவர்களை அவளுக்குத் தெரிகிறது.

பழியெல்லாம் உங்கள் மேல் போடவில்லை. நான் உங்கள் போட்டோவை அவளிடம் காட்டி, இதுதான் அப்பா என்று சொன்னது ஒரே ஒரு நாள். ஒரு தடவை சொன்னால் போதாதா என்று சுவரில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். 'முதல் தடவை மட்டும்' வீட்டிலும் போட்டிருக்கிறேன் பாருங்கள். வீட்டுக்குள் வந்தாலும் புத்தி மாறாது போலிருக்கிறது.

இன்னொன்று, நேரம். உங்கள் ஷிப்ட் முடிந்து நீங்கள் கூப்பிடுவது இங்கே எட்டே முக்காலுக்கு. அவள் எட்டுக்கே தூங்கிவிடுகிறாள். தூங்கும் முகத்தைக் காட்டு என்கிறீர்கள், காட்டுகிறேன், நீங்கள் பார்க்கிறீர்கள், அவள் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு விதி உண்டு. பட்டனை மாட்டுவதானால் யார் அழுத்தினார்கள் என்று தேடத் தொடங்கும் முன்பே மாட்டிவிட வேண்டும், தேடி முடித்தபின் எவ்வளவு அழகாக மாட்டினாலும் பிரயோஜனமில்லை.

குழந்தை சர்வர் இல்லை, இரண்டு நாளில் திருத்திவிட முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறபடி செய்யுங்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் நேரம் காலை ஏழு பத்துக்குக் கூப்பிடுங்கள், அவள் பால் குடிக்கும் நேரம். அந்த நேரத்தில் நெட் பயன்படுத்தும் முறை கப்பல் சமையல்காரருடையது என்றால் அவரோடு மாற்றிக்கொள்ளுங்கள், அவர் மனைவியிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன். தினமும் ஒரே மாதிரி ஆரம்பியுங்கள். உங்கள் அறை விளக்கை மூன்று தடவை போட்டு அணையுங்கள், பிறகு 'அப்பா வந்துட்டேன்' என்று சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம். டாடி, பப்பா, ஃபிரெண்டு எல்லோரையும் கடலில் தள்ளிவிடுங்கள். அவளை வாண்டு என்று மட்டும் கூப்பிடுங்கள். இரண்டே நிமிஷம் போதும், ஆனால் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. அவள் அழுதாலும் மறுநாள் கூப்பிட வேண்டும். முக்கியமாக, அழுதால்தான் மறுநாள் கூப்பிட வேண்டும்.

ஆபீசில் பட்டன்களுக்கு இனி நேரத்தைப் பெயராக வைக்கப் போவதில்லை. மூன்றாவது வரியின் பட்டனுக்கு எப்போதும் மூன்றாவது என்றே பெயர். இதற்காகவா ஐந்து மாதம் என்று தோன்றுகிறது.

ஏழு பத்து. மறந்தால் ரேடியோ ஆபீசர் நினைவுபடுத்தட்டும், அவர்தான் எல்லாம் படித்திருக்கிறாரே.

பிடிவாதக்காரி என்று நீங்கள் சொல்லும்,
உங்கள் மனைவி


பத்தொன்பதாம் தேதி, செவ்வாய், காப்பக வாசல் பெஞ்சிலிருந்து

அன்புள்ளவருக்கு,

வணக்கம். நாளை இருபது. அதனால் இன்று நிறைய எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் வேலை செய்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் எதிரிலேயே ஒன்பது வரி சேர்த்தேன், ஐந்தாவதை மட்டும் அழுத்தினேன், ஐந்தாவது மட்டும் பதில் சொன்னது. அவர் தானே இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். வேறு ஆளைப் பற்றி அப்புறம் பேச்சில்லை. ஆனால் அடுத்து நான் செய்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பதினைந்து பேருக்கும் புதிதாகக் கடிதம் எழுதினேன். நீங்கள் பட்டனை அழுத்தினீர்கள், எங்கள் பக்கம் கேட்கவில்லை, தவறு எங்களுடையது என்று. 'எங்களுடையது' என்பதற்குப் பதிலாக வேறு ஏதாவது மழுப்பலாகப் போடலாமே என்றார். ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் என் பெயரைக் கீழே போட்டு அனுப்பிக்கொள் என்றுவிட்டார். அப்படியே அனுப்பினேன். அந்தப் பெரியவர் நேற்று போன் பண்ணினார். திட்டத்தான் போகிறார் என்று எழுந்து நின்றே எடுத்தேன். "நான் அழுத்தினேன்னு எம் மருமகள்கிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லிடும்மா" என்றார். போனை அந்த மருமகளிடம் கொடுக்கச் சொல்லி, சொன்னேன். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இனி நம்முடைய கதை. நீங்கள் போனில் பார்த்தது பாதிதான், மீதியை நான் சொல்கிறேன்.

முதல் நாள் நீங்கள் விளக்கைப் போட்டு அணைத்ததும் அவள் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். உங்கள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். இரண்டாம் நாள் வரமாட்டீர்கள் என்றே நினைத்தேன். வந்தீர்கள். அன்று என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு கண்ணால் பார்த்தாள். நாலாம் நாள் நெட் கிடைக்காமல் ஏழு இருபத்தைந்துக்குக் கூப்பிட்டீர்களே, அதற்கு முன்னால் பதினைந்து நிமிஷம் இங்கே என்ன நடந்தது தெரியுமா? பால் தம்ளரைத் தள்ளிவிட்டு, என் போனை எடுத்துவந்து என் கையில் திணித்து, "லைட்டு, லைட்டு" என்று ஒரே ரகளை. நீங்கள் வந்ததும் ஒன்றும் தெரியாத மாதிரி பால் குடித்தாள். உங்கள் மகள்தான், சந்தேகமே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் ஒரு மணிநேரம் கரண்ட் இல்லை. திரும்ப வந்து கூடத்து விளக்கு பளிச்சென்று எரிந்ததும், விளையாடிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி, "லைட்டப்பா" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். அப்புறம் விளக்கைத் தானே போட வேண்டும் என்று நாற்காலி மேல் ஏறி ஆட்டம். ஸ்விட்சைத் தொடும் ஆசை ரத்தத்தில் வருமா என்று ரேடியோ ஆபீசரைக் கேளுங்கள்.

இன்று காலை உங்களுக்கான மூன்றாவது வரியை நானே சேர்த்தேன். அக்கா, தன் வரியை எடுத்துக்கொண்டு உங்களை இரண்டாவதில் போடச் சொன்னாள். அதுதான் வரைபடத்தில் இருக்கும் வரி, தானாக வரும், அழியாது, மனிதர் மனசு நிறையும் என்றாள். அவள் கண்கூடக் கலங்கிவிட்டது. நான் யோசித்துப் பார்த்தேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் தானாக வருகிற வரி இல்லை. ஆறு மாதம் கடல், ஒரு மாதம் வீடு என்று வாழ்கிறவரைத் தானாக வருவார் என்று எழுதிவைத்தால் அது பொய். நீங்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக உண்டாக்க வேண்டிய வரி. நான் உண்டாக்குகிறேன். எனக்கு அலுக்காது. கால் வீங்கிக் கிடந்தால்கூட இனி 'முதல் தடவை மட்டும்' என்று எழுத மாட்டேன். உங்கள் பங்குக்கு அதே பெயரில் வாருங்கள், அது போதும்.

குழந்தை அவரை எப்படிக் கூப்பிடும் என்ற கட்டத்தில் 'லைட்டப்பா' என்று எழுதினேன். 'உறுதி செய்' அழுத்தினேன். பக்கம் ஒரு சிமிட்டு சிமிட்டியது.  ஆனால் வரி அங்கேயே இருந்தது, பக்கத்தில் 'உறுதியானது' என்று எழுத்து வந்தது. அச்சடித்துக் கொண்டுவந்து வாசல் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று வரியையும் வாசித்தார். மூன்றாவதை இரண்டு தடவை வாசித்தார். "அன்னைக்குப் பேனாவோட நின்னாரே, அவரா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் பட்டியலைப் பழைய பட்டியலுக்கு மேலே வைத்து ஆணியில் குத்தினார்.

கையெழுத்து உங்கள் கை. கம்பெனித் தாளில் போடுவதா வேண்டாமா என்று நான் சொல்லப் போவதில்லை. மூன்றாம் தேதி சொன்னேன், அப்போது கோபத்தில் இருந்தேன். இப்போது நடக்கப்போவதை மட்டும் சொல்கிறேன். உங்கள் கப்பல் இருபத்திரண்டாம் தேதி கரை தொடும். இருபத்தைந்து, திங்கட்கிழமை. அன்று சாயங்காலம் வாண்டைக் கூட்டிவர நான் போகப் போவதில்லை, ஆபீசில் இருப்பேன். அக்கா போக மாட்டாள், முழங்காலைக் காட்ட டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். காப்பகத்தில் நாலு மணிக்குக் குழந்தைகளுக்கு ஷூ போட்டு வாசல் பெஞ்சில் உட்காரவைப்பார்கள். இதோ, நான் உட்கார்ந்து எழுதுகிற இதே பெஞ்சு. வாசல் அம்மா இவர் யாரென்று கேட்பார். இந்தத் தடவை பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

அழுதால் அழட்டும். அங்கேயே நில்லுங்கள், பெயரை மாற்றிச் சொல்லாதீர்கள்.

வாசல் அம்மா நோட்டை நீட்டுவார். குழந்தையைப் பெற்றுக்கொண்டவர் என்ற கட்டம் காலியாக இருக்கும். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால், அதில் வந்து போடுங்கள்.

நல்லபடியாகக் கரை சேருங்கள்.

மூன்று வரியில் முதல் வரி,
உங்கள் மனைவி